கடை வாசலில் வந்திறங்கும் மான்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ரைபிள் மான் வேட்டை, நவம்பரின் நான்காம் வியாழனன்று வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்த சனிக்கிழமை தொடங்குகிறது. 1963 முதல் திங்கட்கிழமையாக இருந்ததை 2019-இல் மாற்றினார்கள். சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பே சுடலாம் என்பதால், மான் வெட்டிக் கொடுக்கும் கடைகளுக்கு முற்பகலிலேயே பிக்கப் வண்டிகள் வரத் தொடங்கிவிடும். காட்டு மான் கறியை விற்கக் கூடாது என்பது சட்டம். கடைக்கு வெட்டுக்கூலி மட்டும்தான், கறி சுட்டவருக்கு.

வண்டி நின்றதும் முதலில் பார்ப்பது காதில் கட்டிய டேக்கை, அதாவது வேட்டைக்காரரின் விவரச் சீட்டை. விழுந்த இடத்திலிருந்து மானை நகர்த்தும் முன்பே அதை எழுதிக் கட்டியிருக்க வேண்டும். அடுத்து, பின்தொடையின் உட்புறத்தில் கை வைத்துப் பார்ப்பது. காலையில் சுட்ட மான் மாலையிலும் அங்கே வெதுவெதுப்பாக இருந்தால் கவலைதான். இடுப்பு மூட்டைச் சுற்றிச் சதை தடிமன் என்பதால் சூடு கடைசியாக இறங்குவது அங்கேதான். எலும்பை ஒட்டிப் புளித்த வாடை கிளம்புவதும் அங்கேதான். நவம்பர் கடைசி, குளிர்தானே என்பார்கள். மானின் குளிர்கால மயிர் உள்ளே காற்றடைத்தது. செத்த பிறகும் கம்பளி போர்த்திய மாதிரி சூட்டைப் பிடித்துவைக்கும். வெயில் அடிக்கும் நாளில் நெஞ்சுக்கூட்டுக்குள் ஐஸ் பைகளைத் திணித்துக்கொண்டு நேரே வர வேண்டும். கறி 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்க வேண்டும். கொம்பை நாலு பேருக்குக் காட்டிவிட்டு வருகிறவர்களின் மானைத் தொட்டாலே தெரிந்துவிடும்.

குடல் எடுப்பதில்தான் பெரும்பாலான கறி கெடுகிறது. ஆசனவாயைச் சுற்றிக் கத்தியை விட்டுத் தளர்த்தி, நூலால் கட்டிவிட வேண்டும். பிறகு நெஞ்செலும்புக்குக் கீழே சிறு கீறல் போட்டு, இரண்டு விரலை உள்ளே விட்டுத் தோலைத் தூக்கிப் பிடித்து, கத்தியின் கூர் மேலே பார்க்க இடுப்பு வரை கிழிக்க வேண்டும். கூர் கீழே பார்த்தால் இரைப்பை கிழியும். உதரவிதானத்தை விலாவை ஒட்டி அறுத்து, கையைக் கழுத்து வரை நீட்டி மூச்சுக்குழாயை வெட்டி இழுத்தால் எல்லாம் ஒன்றாக வந்துவிடும். அவசரத்தில் மூச்சுக்குழாயைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். அது முதலில் அழுகி, கழுத்துக் கறியையும் கெடுக்கும். ஓடைத் தண்ணீரில் கழுவுவதும் வேண்டாம். ஈரம் கிருமிக்குத்தான் வசதி; துணியால் துடைத்தால் போதும்.

தோள்பட்டையில் பட்ட குண்டு எலும்பை உடைத்து ஒரு முன்சப்பையையே பாழாக்கிவிடும். ஈயக் குண்டு என்றால் இன்னும் மோசம்: கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காயத்தைத் தாண்டியும் சிதறியிருக்கும். ஆகவே ரத்தம் கட்டிய இடத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறிவோம். செம்புக் குண்டு அவ்வளவாகச் சிதறாது. தோளுக்குப் பின்னால், நுரையீரலில் பட்ட மானில் விலாவைத் தவிர வேறு நஷ்டமில்லை.

மானின் மூளையை அரிக்கும் சிடபிள்யூடி (Chronic Wasting Disease) நோய் இந்த மாநிலத்தில் 2012-இல் தெரியவந்தது. அது பரவிய பகுதிகளிலிருந்து தலையையும் முதுகெலும்பையும் வெளியே கொண்டுபோகத் தடை உண்டு. சோதனைக்குத் தலையை டேக்கோடு பிளாஸ்டிக் பையில் கட்டி, வேட்டைத் துறை வைத்திருக்கும் பெட்டியில் போட வேண்டும். மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை நிரூபணம் இல்லை. ஆனால் இந்த நோயை உண்டாக்கும், மூளையிலும் தண்டுவடத்திலும் தங்கும் பிரியான் என்ற புரதம் சமைத்தாலும் அழியாது. முதுகெலும்பை ரம்பத்தால் அறுக்காமல், இருபுறமும் சதையை வழித்தெடுப்பது இதனால்தான். சோதனை முடிவு வரும்வரை கறி ஃப்ரீசரில் இருக்கட்டும்.

தகராறு வருவது எடையில்தான். 68 கிலோ மான் குடல் எடுத்தபின் 53 கிலோ அளவுக்கு இருக்கும். எலும்பில்லாக் கறி நல்லபடியாகச் சுட்டிருந்தால் 25 கிலோ தேறும். தன் மான் 90 கிலோ என்று மனக்கணக்குப் போட்டு வந்தவருக்கு அட்டைப்பெட்டியைப் பார்த்ததும் முகம் மாறும். வரும்போதே தராசில் ஏற்றி, எடையைச் சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது. மான் கொழுப்பு நாக்கில் மெழுகாக ஒட்டும். முழுக்க நீக்கிவிட்டு, கொத்துக்கறிக்குப் பன்றிக் கொழுப்போ மாட்டுக் கொழுப்போ பத்தில் ஒரு பங்கு சேர்ப்போம். சாசேஜுக்குப் பல பேருடைய துண்டுக்கறியை ஒன்றாகப் போட்டு அரைக்கும் கடைகள் உண்டு. தன் மான் மட்டும்தான் வேண்டும் என்பவர் அதை மானை இறக்கும்போதே சொல்லிவிட வேண்டும். அரவையில் போட்ட பிறகு கேட்டுப் பயனில்லை.