எரிந்த கடிதத்தைப் படிக்க ஒரு மந்திரம்

2025 ஜூன் 1, ஞாயிறு

இன்றைய ஆட்டத்தில் எல்லோரும் அரண்மனை அமைச்சரின் அறைக்குள் நுழைந்துவிட்டார்கள். அடுப்பில் கடிதங்கள் எரிந்து கிடந்தன. மந்திரவாதியாக ஆடும் தோழி உடனே கேட்டாள்: "இந்தச் சாம்பல்ல என்ன எழுதியிருந்ததுன்னு பார்க்க ஒரு ஸ்பெல்லும் இல்லையா?"

நாங்கள் ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகள். ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் (டி.எம்.) நான். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். 'மெண்டிங்' கிழிந்ததையும் உடைந்ததையும் ஒட்டும், எரிந்ததை மீட்காது. 'ஐடென்டிஃபை' மந்திரப் பொருளைப் பற்றித்தான் சொல்லும். 'லெஜண்ட் லோர்' ஐந்தாம் நிலை மந்திரம் (நிலை ஏற ஏற மந்திரத்தின் வலிமை கூடும்). 250 பொன் பெறுமான சாம்பிராணி அதற்கு எரிந்தே தீர வேண்டும். அதுவும் புகழ்பெற்ற பொருள், இடம், ஆள் பற்றித்தான் பேசும். ஒரு அமைச்சரின் கடிதத்துக்கு வாய் திறக்காது.

ஆக, இடம் காலியாக இருக்கிறது. நானே எழுதப்போகிறேன்.

ஜூன் 3, செவ்வாய்

அடிக்கிற மந்திரம் என்றால் வேலை சுலபம். டன்ஜன் மாஸ்டர் கையேட்டில் அட்டவணையே இருக்கிறது. மூன்றாம் நிலை மந்திரம் ஒரே எதிரியைத் தாக்கினால் சேதத்துக்கு ஐந்து பத்துமுகப் பகடை, பலரைத் தாக்கினால் ஆறு ஆறுமுகப் பகடை. தீப்பிழம்பை வெடிக்கவைக்கும் 'ஃபயர்பால்' மட்டும் அதே நிலையில் எட்டு ஆறுமுகப் பகடை உருட்டுகிறது, சராசரி 28. அட்டவணைப்படி பார்த்தால் 21தான். பலர் தங்கள் சொந்த மந்திரத்தை ஃபயர்பாலோடு ஒப்பிட்டு அளக்கிறார்கள். அது விதிவிலக்கு, அளவுகோல் ஆகாது.

என் மந்திரத்துக்கு அட்டவணை உதவாது. அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் நிலையை முடிவு செய்ய வேண்டும். தெரியாத மொழியைப் புரியவைக்கும் 'காம்ப்ரிஹெண்ட் லாங்குவேஜஸ்' முதல் நிலை. மனதைப் படிக்கும் 'டிடெக்ட் தாட்ஸ்' இரண்டு. பிணத்திடம் ஐந்து கேள்வி கேட்கும் 'ஸ்பீக் வித் டெட்' மூன்று. சாம்பல் பதில் சொல்லாது, தன்னிடம் எழுதியிருந்ததை மட்டும் காட்டும். எனவே பிணத்துக்குக் கீழே. இரண்டாம் நிலை. பள்ளி, அதாவது மந்திர வகை, டிவினேஷன் (மறைந்ததை அறிவது). பெயர் 'சாம்பல் வாசிப்பு'.

ஜூன் 5, வியாழன்

இன்று முழுக்க ஒரே கேள்வி: இதை ரிச்சுவலாக விடலாமா?

ரிச்சுவல் என்றால் பத்து நிமிடம் கூடுதலாக ஆகும், ஆனால் ஸ்லாட் (ஒரு நாளில் மந்திரம் போடக் கிடைக்கும் வாய்ப்பு) செலவாகாது. அப்படி விட்டால் போகிற வீட்டிலெல்லாம் அடுப்பைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். யோசிக்க எதுவும் இருக்காது. ஐந்தாம் நிலை மந்திரவாதியான அவளுக்கு ஒரு நாளைக்கு இரண்டாம் நிலை ஸ்லாட் மூன்றுதான். எதிரியை வலையில் சிக்கவைக்கும் 'வெப்', சட்டென்று இடம் மாற்றும் 'மிஸ்டி ஸ்டெப்' எல்லாமே அதற்குத்தான் போட்டி போடுகின்றன. தப்பி ஓட வைத்திருந்த ஸ்லாட்டை ஒரு கடிதத்துக்காகச் செலவழிப்பதா? அந்தத் தயக்கத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். ரிச்சுவல் கிடையாது.

கான்சன்ட்ரேஷன், அதாவது மந்திரம் நீடிக்கும்வரை கவனம் சிதறாமல் இருப்பது, கட்டாயம். படித்துக்கொண்டிருக்கும்போது காவலன் வந்து வெட்டினால் 10 அல்லது வாங்கிய அடியில் பாதி, எது பெரியதோ அதை எதிர்த்து கான்ஸ்டிடியூஷன் சேவ் (உடல் தாங்குகிறதா என்று பார்க்கும் பகடை) உருட்ட வேண்டும். தோற்றால் சாம்பலிலிருந்து எழுந்த தாள் கலைந்துவிடும்.

அடுத்து, கையில் வைத்திருக்க வேண்டிய பொருள். இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த மூலை இதுதான். 'லைட்னிங் போல்ட்' போட மிருக ரோமமும் கண்ணாடிக் கோலும் வேண்டும். இரண்டையும் தேய்த்தால் நிஜமாகவே மின்பொறி வரும். ஃபயர்பாலுக்கு வௌவால் எச்சமும் கந்தகமும். காரணம் உள்ள பொருட்கள். நான் எலுமிச்சைச் சாறில் தோய்த்த இறகுப் பேனாவை வைத்தேன். எலுமிச்சைச் சாறால் எழுதியது கண்ணுக்குத் தெரியாது, சூடு பட்டால் பழுப்பாக எழும். நெருப்பு எழுத்தை வெளியே கொண்டுவரும் அந்த வித்தை இந்த மந்திரத்துக்குச் சரியாகப் பொருந்துகிறது.

ஜூன் 8, ஞாயிறு, நள்ளிரவு

இப்போதுதான் ஆட்டம் முடிந்தது. தூக்கம் வரவில்லை.

தோழி மந்திரத்தைப் போட்டாள். சாம்பல் எழுந்து காற்றில் ஒரு தாளாக நின்றது. அவள் வாசிக்க வாசிக்க, இன்னொருவர் அவசரமாகப் பிரதி எடுத்தார். இதெல்லாம் நான் எதிர்பார்த்ததுதான்.

அப்புறம் திருடனாக ஆடும் நண்பர் சொன்னார்: "அப்போ நம்ம கடிதத்தையும் எரிச்சே அனுப்பலாமே. வாசல்ல சோதனை போட்டா வெறும் சாம்பல் பைதான் கிடைக்கும்."

ஒரு கணம் யாரும் பேசவில்லை. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கடிதம் படிக்க எழுதிய மந்திரம், கடிதம் கடத்தும் வழியாகிவிட்டது! ஒரு டி.எம்.முக்கு இதைவிடச் சந்தோஷம் வேறில்லை.

ஜூன் 10, செவ்வாய்

இந்த வழியை அடைக்கச் சொல்லி ஒரு நண்பர் ஆலோசனை சொன்னார். 'பிறர் எரித்ததை மட்டுமே படிக்கலாம்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். நான் சேர்க்கப்போவதில்லை. ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்த உபயோகத்தை வரி போட்டு அழிப்பது நல்ல வடிவமைப்பு அல்ல.

அதைவிட, உலகம் இதற்கு எப்படிப் பதில் சொல்லும் என்று யோசிப்பது பலன் தரும். இந்த மந்திரம் தெரிந்த ஊரில் ஒற்றர்கள் கடிதத்தை எரிப்பதோடு நிறுத்த மாட்டார்கள். சாம்பலைத் தண்ணீரில் கரைப்பார்கள். அரண்மனை அடுப்பருகே எப்போதும் ஒரு வாளி இருக்கும். சாம்பல் நனைந்தாலோ, பாதிக்கு மேல் சிதறினாலோ மந்திரம் பலிக்காது என்ற விதி அங்கிருந்துதான் வந்தது. வாளி இல்லாத அறையைப் பார்த்ததும் ஆட்டக்காரர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும்.

ஜூன் 14, சனி

முடிவான வடிவம்:

சாம்பல் வாசிப்பு. இரண்டாம் நிலை, டிவினேஷன். போட ஒரு நிமிடம். எல்லை, தொடுதல். பேச்சு, சைகை, எலுமிச்சைச் சாறில் தோய்த்த இறகுப் பேனா. கான்சன்ட்ரேஷன், பத்து நிமிடம் வரை. நீங்கள் தொடும் சாம்பல், எரிவதற்கு முன் இருந்த காகிதம், தோல் அல்லது துணி ஒன்றின் உருவை எடுத்துக் காற்றில் நிற்கும். எழுத்து தெரியும், மொழி தெரிந்தால்தான் புரியும். சாம்பல் நனைந்திருந்தாலோ, பாதிக்கு மேல் சிதறியிருந்தாலோ பலிக்காது. மந்திரம் முடிந்ததும் சாம்பல் தூளாகும், மறுபடி படிக்க முடியாது. மேல்நிலை ஸ்லாட்டில் போட்டால், ஒவ்வொரு கூடுதல் நிலைக்கும் இன்னொரு தாள்.

இதை அனுப்பிய ஐந்தாவது நிமிடம் தோழியின் கேள்வி வந்துவிட்டது: எரிந்துபோன மந்திரப் புத்தகத்தின் பக்கத்தை எழுப்பினால், அதிலுள்ள மந்திரத்தைத் தன் புத்தகத்தில் எழுதிக்கொள்ளலாமா?

இதற்கு நான் புது விதி எழுத வேண்டியதில்லை. ஒரு மந்திரத்தைப் பிரதி எடுக்க நிலைக்கு இரண்டு மணி நேரம், 50 பொன். முதல் நிலை மந்திரத்துக்கே இரண்டு மணி நேரம் வேண்டும், சாம்பல் நிற்பதோ பத்து நிமிடம். என்ன மந்திரம் என்று தெரிந்துகொள்ளலாம், அவ்வளவுதான். ஆனால் அது தெரிந்துவிட்டால், அதே மந்திரம் வேறு யாரிடம் இருக்கிறது என்று தேடிப் போகலாமே என்று பதில் அனுப்பினேன். நாளைய ஆட்டத்துக்கு முன் அந்த 'வேறு யாரோ' ஒருவரை நான் உருவாக்கியாக வேண்டும்.