முழுமைத் திட்ட வரைவு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது

காரைக்குடியோ தேவகோட்டையோ, எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) வரைவு வெளியானால் ஆட்சேபணை எழுதித்தரக் குறைந்தது 2 மாதம் உண்டு. 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. "எங்க ஏரியாவ மாத்தாதீங்க" என்று மட்டும் எழுதினால் கோப்பில் தூங்கும். கிராமம், சர்வே எண், உட்பிரிவு, வரைவில் உள்ள நில உபயோகம், நீங்கள் கேட்கும் உபயோகம், காரணம் எல்லாம் வேண்டும். பட்டா நகலும் புலப்படமும் (நிலத்தின் அளவு வரைபடம்) இணையுங்கள். உட்பிரிவு ஆன பிறகும் வரைபடத்தில் பழைய எண்ணே கிடக்கலாம், கவனம்.

மனையைவிட வரத்துக்காலை (நீர்நிலைக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால்) உற்றுப் பாருங்கள். ஊருணியை நீலத்தில் தீட்டிவிட்டு, அதற்குத் தண்ணீர் வரும் வழியைக் குடியிருப்பு மஞ்சளில் மூடினால் மிஞ்சுவது வெறும் பள்ளம்தான். 'அ' பதிவேட்டில் (கிராம நிலங்களின் வருவாய்த் துறைப் பதிவேடு) அது வாய்க்கால் புறம்போக்கு என்றிருந்தால் அந்த நகலும் சேரட்டும். மனுவுக்குத் தேதி முத்திரையோடு ஒப்புகை வாங்காமல் நகராதீர்கள்.