ஏழாவதாகப் பார்த்த பழைய செடான்

வீட்டில் ஐந்து பேர். அம்மாவுக்கு முழங்கால் வலி, உயரமான வண்டியில் ஏற முடியாது. புது செடான் வாங்க வசதியில்லை. அதனால் பத்து வருடத்துக்கு மேல் ஓடிய செடானைத் தேடினேன். ஆறு வண்டிகளை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஏழாவதை வாங்கினேன்.

முதலில் பார்த்தது பளபளவென்று இருந்தது. ஓடோமீட்டரில் 58,000 கிலோமீட்டர். கூட வந்த மெக்கானிக் நண்பர் சாவியைக் கேட்கவே இல்லை, பானட் மேல் உள்ளங்கையை வைத்தார். "சூடா இருக்கு. நாம வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வெச்சிருக்காங்க" என்றார். ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போதுதான் அதன் நோய் வெளியே வரும். ஆயில் உள்ளே கசியாமல் தடுக்கும் வால்வ் சீல் தேய்ந்திருந்தால் அந்த முதல் நிமிடத்தில் நீலப் புகை வரும். வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் செயின் தளர்ந்திருந்தால் கடகடவென்று கேட்கும். சூடானபின் இரண்டும் அடங்கிப்போகலாம். அந்த வண்டியின் பிரேக் பெடல் ரப்பரில் வரியே இல்லை, வழவழவென்று தேய்ந்திருந்தது. 58,000 கிலோமீட்டரில் ஒரு பெடல் அப்படித் தேயும் என்று நான் நம்பவில்லை. கிளம்பிவிட்டோம்.

அடுத்த இரண்டிலும் துரு. நான்காவதுதான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. ஓட்டிப் பார்த்ததில் குறையே இல்லை. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் மாட்டினோம், கோளாறைக் காட்டும் எர்ரர் கோட் ஒன்றுகூட இல்லை. நான் சந்தோஷப்பட்டேன். நண்பர் ஸ்கேனரில் இன்னொரு பக்கத்தைத் திறந்து காட்டினார். வண்டி தன் சென்சார்களைத் தானே சோதித்து முடித்ததா என்று சொல்லும் பக்கம் அது. பாதிக்கு மேல் 'முடியவில்லை' என்றிருந்தது. பேட்டரியைக் கழற்றியிருந்தாலோ, எர்ரர் கோட்களைச் சமீபத்தில் அழித்திருந்தாலோதான் பெரும்பாலும் அப்படி இருக்கும். பேட்டரியைத் தொடவில்லை என்றார் உரிமையாளர். ஒரு வாரம் ஓட்டிவிட்டுக் கூப்பிடுங்கள், மறுபடி பார்க்கிறோம் என்று சொல்லி வந்தோம். அழைப்பு வரவில்லை.

ஐந்தாவதில் ஆயில் மூடியின் அடியில் மோர் நிறத்தில் கூழ் ஒட்டியிருந்தது. குறைந்த தூரமே ஓடும் வண்டியில் ஈரப்பதத்தாலும் இது வரும். ஆனால் இதில் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டும் குறைந்திருந்தது, இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை. ஹெட் கேஸ்கெட், அதாவது இன்ஜினுக்கும் அதன் மேல் பகுதியான சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்பு, போயிருக்கிறது என்றார் நண்பர். ஆறாவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, காகிதங்களே சரியில்லை.

ஏழாவது 1,64,000 கிலோமீட்டர் ஓடியது. பம்பரில் கீறல். ஆனால் அதை வைத்திருந்த பெரியவர் ஒரு தடித்த ஃபைலை எடுத்து வந்து மேஜையில் வைத்தார். ஒவ்வொரு ஆயில் மாற்றமும் தேதியோடு, கிலோமீட்டரோடு இருந்தது. எனக்கு அந்த ஃபைல் குறைந்த ஓடோமீட்டரைவிடப் பெரிதாகத் தெரிந்தது. ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் பார்த்தோம்: துருவும் இல்லை, வெல்டிங் செய்த தடமும் இல்லை. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பினால் டக்டக் என்று ஆக்ஸில் ஜாயின்ட் சத்தம். மேடு ஏறி இறங்கினால் சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் தட்டியது. டயரில் நல்ல பட்டன் (தரையைப் பிடிக்கும் வரிகள்) இருந்தாலும் பக்கச்சுவரில் 3117 என்றிருந்தது, அதாவது 2017-இன் 31-ஆவது வாரத் தயாரிப்பு. ரப்பரில் வெடிப்பு விழுந்திருந்தது. இதெல்லாம் வயதால் வருவது, மாற்றிவிடலாம். அந்தச் செலவைக் கணக்குப் போட்டு விலையில் குறைத்துக் கேட்டேன், ஒத்துக்கொண்டார்.

ஃபைலில் ஒரே ஒரு பில் இல்லை: டைமிங் பெல்ட், அதாவது செயினுக்குப் பதிலாக அதே வேலையைச் செய்யும் பெல்ட். அது அறுந்தால் பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வில் மோதி வளைத்துவிடும், பிறகு சிலிண்டர் ஹெட்டையே கழற்ற வேண்டியதுதான். அதனால் ஊர் சுற்றுவதற்கு முன்பே வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்து மாற்றச் சொன்னேன், ஏனென்றால் ஒருமுறை பிரித்த கூலியிலேயே மூன்றும் முடிந்துவிடும். கழற்றிய பெல்ட்டை விரலால் மடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு பல்லின் அடியிலும் முடியளவு வெடிப்பு ஓடியிருந்தது.

அந்த பில்லையும் அதே ஃபைலில், பெரியவர் வைத்திருந்த கடைசித் தாளுக்கு அடுத்து வைத்தேன்.