நொந்த நாயகன் எந்த அலமாரியில் இருக்கிறான்?

கதாநாயகன் முதல் பக்கத்திலேயே குதிரை மேல் உற்சாகமாக வந்து இறங்கினால் எனக்குப் புத்தகத்தை மூடிவிடத் தோன்றும். 'பொன்னியின் செல்வன்' வந்தியத்தேவனுக்கு மட்டும் விலக்கு அளித்திருக்கிறேன். அவனைப் பள்ளிக்கூட வயதிலேயே படித்துவிட்டதால் இனி ஒன்றும் செய்வதற்கில்லை. எனக்கு வேண்டியது சரித்திரம், காதல், இரண்டுக்கும் நடுவே தூக்கம் கெட்டு உட்கார்ந்திருக்கும் ஓர் ஆண். அவன் வாள் சுழற்றட்டும், நாடு பிடிக்கட்டும், ஆட்சேபமில்லை. விளக்கை அணைத்த பிறகு மட்டும் அவனுக்கு ஏதோ ஒன்று நினைவுக்கு வந்து தொலைக்க வேண்டும்.

சென்னையில் இப்படிப்பட்ட கதைகளைத் தேடிப் பிடிப்பது லேசான காரியமல்ல. எந்தக் கடையிலும் இதற்கென்று அலமாரி கிடையாது. மாம்பலத்தில் நான் புத்தகம் எடுக்கும் வாடகை நூலகத்தில் ஒருநாள் உரிமையாளரிடம் நேராகவே கேட்டுவிட்டேன். "மனம் நொந்த ஆண்பிள்ளை வருகிற சரித்திரக் காதல் கதை ஏதாவது இருக்கிறதா சார்?" அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "சோகமான முடிவா அம்மா?" என்றார். முடிவு நன்றாகவே இருக்கட்டும், ஆள்தான் சோகமாக இருக்க வேண்டும் என்றேன். "அப்படியென்றால் சமூக நாவல் பக்கம் பாருங்கள்" என்று கையைக் காட்டிவிட்டுப் பேரேட்டில் குனிந்துகொண்டார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கு உண்மையில் வழிகாட்டியது பெயர் தெரியாத ஒரு வாசகர். வாடகை நூலகத்துக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பழக்கம் தெரிந்திருக்கும்: படித்த புத்தகத்தையே மறுபடி எடுத்து ஏமாறாமல் இருக்க, குறிப்பிட்ட ஒரு பக்கத்தின் ஓரத்தில் தனக்கென்று ஓர் அடையாளம் போட்டு வைப்பார்கள். ஒருவர் சுழி போடுவார், ஒருவர் இனிஷியல் எழுதுவார், ஒருவர் முக்கோணம். எங்கள் நூலகத்தில் யாரோ ஒருவர் 51-ஆம் பக்கத்தில் பச்சை மையில் 'வி' என்று போடுகிறார். பிடித்த புத்தகமாக இருந்தால் அதன் கீழே ஒரு கோடு, மிகவும் பிடித்திருந்தால் இரண்டு கோடு. அந்த இரண்டு கோடு விழுந்த புத்தகங்களில் பெரும்பாலும் ஒரு நொந்த ஆசாமி இருக்கிறான். ஆணா பெண்ணா, இருக்கிறாரா இல்லையா எதுவும் தெரியாது. அவருடைய ரசனையும் என் ரசனையும் ஒன்று என்பது மட்டும் தெரியும். இப்போதெல்லாம் தலைப்பைப் பார்ப்பதற்கு முன் 51-ஆம் பக்கத்தைத்தான் புரட்டுகிறேன்.

அவர் போட்ட கோடுகளைத் தொடர்ந்து போனதில் ஒன்று விளங்கியது. தமிழ்ச் சரித்திர நாவலில் வேதனைக்குப் பஞ்சமில்லை. அது கதாநாயகனிடம் இருப்பதில்லை, பக்கத்து ஆளிடம் இருக்கிறது.

'பொன்னியின் செல்வ'னையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்கி எழுதியது, 1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் தொடராக வந்தது. பெயர் பின்னாளில் ராஜராஜனான அருள்மொழிக்கு, ஓட்டமும் குறும்பும் வந்தியத்தேவனுக்கு. ஆனால் நான் அதைத் திரும்பத் திரும்ப எடுப்பது அருள்மொழியின் அண்ணன் ஆதித்த கரிகாலனுக்காகத்தான். முதல் பாகத்தில் மாமல்லபுரத்துக் கடற்கரையில் நண்பன் பார்த்திபேந்திரனிடம் அவன் தன் கதையைச் சொல்லும் இடம் நினைவிருக்கிறதா? பாண்டிய மன்னன் வீரபாண்டியன் காயம்பட்டுக் கிடக்கிறான். கரிகாலன் காதலித்த நந்தினி கைகூப்பி அவனுக்காக உயிர்ப்பிச்சை கேட்கிறாள். கரிகாலன் வெட்டிவிடுகிறான். போரில் எத்தனையோ தலைகளை எடுத்தவனுக்கு அந்த ஒரு வெட்டுதான் தீரவில்லை. கெஞ்சிய அந்தக் கண்கள் அவனை விட்டுப் போவதில்லை. பிறகு கடம்பூர் மாளிகைக்கு வரும்போது அவன் எப்படி இருக்கிறான் என்று கவனியுங்கள். வீட்டுக்கார சம்புவரையரைக் குத்திக் குத்திப் பேசுகிறான், சம்பந்தமில்லாமல் உரக்கச் சிரிக்கிறான், மாளிகையில் எல்லோரும் அவன் வாயைப் பார்த்து நடுங்குகிறார்கள். அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. வேதனை இப்படிச் சிரிப்பாக வெளியே வருகிறது பாருங்கள், அங்கேதான் நான் விழுந்தேன்.

காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடிக் கோயிலில், ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கரிகாலனைக் கொன்றவர்களின் பெயர்களையும், அவர்களுடைய உறவினர்களின் நிலத்தைப் பறித்ததையும் அது சொல்கிறது. கொலை நிஜம். கொலையுண்டவன் என்ன மனநிலையில் இருந்தான் என்று எந்தக் கல்வெட்டும் பேசாது. அந்த இடைவெளியில்தான் நாவலாசிரியர் தன் நாற்காலியைப் போட்டுக்கொள்கிறார்.

'சிவகாமியின் சபத'த்திலும் இதே ஏற்பாடுதான். பல்லவ மன்னர் மாமல்லர் நல்லவர், அழகர், சாளுக்கியத் தலைநகரான வாதாபியை வெல்கிறார். ஆனால் சிவகாமியின் நடனத்தைப் பார்த்துவிட்டு, ராஜ்யத்தைச் சாளுக்கிய மன்னன் புலிகேசி எடுத்துக்கொள்ளட்டும், இவள் எனக்குக் கிடைத்தால் போதும் என்று கருகிப்போகிற புத்த பிட்சு நாகநந்தியைப் படிக்கும்போது ஏற்படும் பதற்றம் மாமல்லரிடம் ஏற்படுவதில்லை. துறவு பூண்டவருக்கு வந்த ஆசை, அதனால் வந்த நாசம். வில்லன் என்று ஒதுக்கிவிட்டால் அந்த நாவலின் பாதி போய்விடும்.

சாண்டில்யன் கதைகளை நான் வேறு காரணங்களுக்காகப் படிக்கிறேன். அவருடைய நாயகர்களுக்கு உள்ள ஒரே மனக்கஷ்டம் இரண்டு கதாநாயகிகள். யவன ராணியா பூவழகியா, காஞ்சனாதேவியா மஞ்சளழகியா என்பதைத் துன்பம் என்று ஏற்றுக்கொள்ள என் மனம் இடம் தரவில்லை. வாராவாரம் தொடராக வந்த கதைகளின் நெருக்கடி இது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு வாரமும் நாயகன் சுவரேற வேண்டும், கப்பலேற வேண்டும், மாறுவேடம் போட வேண்டும். மனம் நொந்தவன் ஒரே இடத்தில் உட்கார்ந்துவிடுவான். உட்கார்ந்திருப்பவனை வைத்துக்கொண்டு 'தொடரும்' போடுவது கஷ்டம். ஆகவே உட்காருகிற வேலையைப் பக்கத்து ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இதைப் பார்த்துவிட்டு நொந்த நாயகன் மேல்நாட்டுச் சரக்கு என்று யாராவது சொன்னால் கோபம் வரும். கோவலன் யார்? 'சிலப்பதிகார'த்தில் மாதரியின் இடைச்சேரி வீடு. கண்ணகி காய் அரிந்து சமைக்கிறாள். கோவலனைப் பனையோலைத் தடுக்கில் உட்காரவைத்து, கால் கழுவ நீர் வார்த்து, குருத்து வாழையிலை விரித்துச் சோறு போடுகிறாள். சாப்பிட்டு முடித்தவனுக்கு வெற்றிலை கொடுக்கிறாள். அந்த வெற்றிலையை வாங்கிக்கொண்ட பிறகுதான் அவன் உடைகிறான். வீணர்களோடு திரிந்தேன், பெற்றவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை, உனக்கும் சிறுமை செய்தேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறான். கண்ணகியும் 'பரவாயில்லை, விடுங்கள்' என்று கண்ணீரைத் துடைத்துக்கொண்டு நிற்பவள் இல்லை. நீங்கள் செய்தது பெரியோர் ஏற்காத ஒழுக்கம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத்தான் உடன் வந்த காரணத்தைச் சொல்கிறாள். அவன் சிலம்பை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகிறான். திரும்பி வருவதில்லை. குற்றவுணர்ச்சியுள்ள நாயகன், அதைப் பூசி மெழுகாத நாயகி, ஒரு வேளைச் சாப்பாடு. எந்தக் காதல் நாவலுக்கும் இதற்கு மேல் பாடம் தேவையில்லை.

ஆங்கிலப் புத்தகங்களுக்கு நான் போகும் இடம் திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதை. எல்லோருக்கும் அது இன்னும் பைகிராப்ட்ஸ் ரோடுதான். கடைக்காரருக்கு நாயகனின் மனநிலையைப் பற்றி அக்கறை கிடையாது. புத்தகத்தின் கனத்தை வைத்து விலை சொல்கிறார். அட்டையில் பெரும்பாலும் சட்டைப் பித்தான் போடாத ஒரு வெள்ளைக்காரர் நிற்பார். மாம்பலத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலில் அதைப் பிரித்துக்கொண்டு உட்கார முடியாது என்பதால் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டுவிடுவேன். எதிரில் இருப்பவர்கள் பெருமாள் படத்தைப் பார்த்து, ஏதோ பக்திப் புத்தகம் என்று எண்ணி இடம்கூட விட்டிருக்கிறார்கள்.

இந்த ஆங்கிலக் காதல் கதைகளில் மிகப் பெரிய பங்கு 'ரீஜென்சி' காலத்துக் கதைகள். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மனநலம் குன்றியதால் மகன் ஆட்சி நடத்திய 1811 முதல் 1820 வரையிலான காலம். நடுவே 1815-இல் நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போர். இதனால் ஆசிரியர்களுக்கு நொந்த நாயகர்கள் மொத்தமாகக் கிடைத்தார்கள். கால் போனவன், கண் போனவன், நண்பனைக் களத்தில் விட்டுவிட்டு வந்தவன். அந்தப் போரை வென்ற வெல்லிங்டன் பிரபு, வெறும் ஆர்தர் வெல்லெஸ்லியாக இருந்த நாட்களில் நம்முடைய செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் தங்கியிருந்தவர். அவர் பெயரில் ஒரு வீடு இன்னும் அங்கே பாழடைந்து நிற்கிறது. ரயில் கோட்டை நிலையத்தைத் தாண்டும்போது மடியில் இருக்கும் வாட்டர்லூ ஆசாமியை நினைத்துக்கொள்வேன்.

பின்னட்டையை நம்பாதீர்கள். எல்லாப் பின்னட்டையிலும் இருண்ட கடந்தகாலம் இருக்கும். நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைப் பிரித்து, அவன் வேலைக்காரனிடமோ குழந்தையிடமோ எப்படிப் பேசுகிறான் என்று பாருங்கள். வாய்த்துடுக்கும் முரட்டுத்தனமும் வேதனைக்கு அடையாளமே இல்லை. பழைய ஆங்கிலக் கதைகள் சிலவற்றில், மனக்காயம் பட்டவன் என்ற ஒரே காரணத்துக்காக அந்தப் பெண்ணை அவன் என்ன செய்தாலும் ஆசிரியர் மன்னித்துவிடுவார். அந்தப் புத்தகங்களை நான் பாதியில் திருப்பிக் கொடுத்துவிடுவேன், வாடகை போனால் போகட்டும். காயம் அவனுக்குச் செலவு வைக்க வேண்டும், அவளுக்கு வைக்கக் கூடாது.

சிறுசேரியில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகள், "அத்தை, அழ வைக்கிற மாதிரி ஒன்றே ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. லாரா கின்சேல் எழுதிய 'ஃபிளவர்ஸ் ஃப்ரம் தி ஸ்டார்ம்', 1992-இல் வந்தது. ஜெர்வோ என்ற பிரபு கணிதத்தில் மேதை, பெண்கள் விஷயத்தில் போக்கிரி. அவனுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விடுகிறது. பைத்தியம் என்று முடிவு கட்டிக் குடும்பத்தார் விடுதியில் அடைத்துவிடுகிறார்கள். அங்கே வரும் மேடி என்ற குவேக்கர் (எளிமையை வலியுறுத்தும் ஒரு கிறிஸ்தவப் பிரிவு) பெண்ணுக்குத்தான் இவன் புத்தி சுவாதீனத்தோடு இருப்பது புரிகிறது. மற்றவர்கள் பேசுவது அவன் காதில் எப்படிக் குழறிக் கேட்கிறதோ, அப்படியே குழறலாக அச்சாகியிருக்கும். நாமும் அவனோடு சேர்ந்து தடுமாற வேண்டும். என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு காபி டம்ளரைக் காட்டி "சாவி, சாவி" என்றார். தப்பாகச் சொல்கிறோம் என்று அவருக்கே தெரிந்திருந்தது, முகத்தில் அந்தக் கோபம் இருந்தது. ஜெர்வோவின் கோபமும் அதுதான். ஓர் எழுத்தாளர் இதை இவ்வளவு சரியாகப் பிடித்திருக்கிறாரே என்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

சிரித்துக்கொண்டே நோக வேண்டும் என்றால் லொரெட்டா சேஸின் 'லார்ட் ஆஃப் ஸ்கவுண்ட்ரல்ஸ்', 1995. தாய் விட்டுப்போன, தகப்பன் வெறுத்த, பெரிய மூக்குக்காகப் பள்ளியில் கேலிக்கு ஆளான டெய்ன் பிரபு. தன்னை யாரும் விரும்ப முடியாது என்று தீர்மானித்துவிட்டு, அதற்கு ஏற்றபடியே நடந்துகொள்கிறான். ஜெசிகா என்ன செய்கிறாள் தெரியுமா? அவன் தன் மானத்தை வாங்கியதற்காகத் துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிடுகிறாள். கண்ணகி வழி வந்தவள் என்று நான் அவளைச் சேர்த்துக்கொண்டுவிட்டேன்.

தமிழில் எனக்கு ஒரு தீராத ஆசை உண்டு. வாதாபியைத் தரைமட்டமாக்கிய பல்லவப் படைத்தலைவர் பரஞ்சோதி, பின்னாளில் சிறுத்தொண்டர் என்ற நாயன்மார். அரசன் அவரை விடுவித்து ஊருக்கு அனுப்பினான் என்கிறது 'பெரியபுராணம்'. ஒரு நகரத்தையே எரித்துவிட்டுத் திருச்செங்காட்டங்குடிக்குத் திரும்பியவர் முதல் நாள் ராத்திரி எப்படித் தூங்கினார்? மனைவி திருவெண்காட்டு நங்கை என்ன கேட்டாள், அவர் என்ன சொன்னார்? இவரை நடுவில் உட்காரவைத்து, பக்தியை அவசரமாகக் கொண்டுவந்து கொட்டாமல், அந்த இருவருடைய கதையாக ஒரு நாவலை யாராவது எழுதினால் நந்தனம் புத்தகக் காட்சியில் முதல் ஆளாக வரிசையில் நிற்பேன்.

அதுவரைக்கும் கரிகாலனைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்கியின் எழுத்து நாட்டுடைமையான பிறகு எல்லாப் பதிப்பகங்களும் அவரைப் போடுகின்றன. ஐந்து பாகமும் சேர்த்து மலிவாகக் கிடைக்கிறது, எழுத்துதான் கொஞ்சம் பொடி. அதை வாங்குங்கள். ஒரே புத்தகமாகச் சுருக்கியதை வாங்காதீர்கள். சுருக்குகிறவர்களுக்குச் சண்டையை வெட்ட மனம் வராது, கடற்கரையில் ஒருவன் பேசிக்கொண்டே இருப்பதைத்தான் முதலில் வெட்டுவார்கள்.