கரண்ட் இல்லாமல் மேலேறும் தண்ணீர்

கல்லடியில் வெயில் கொளுத்துகிறது. பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்திருக்க ஏதாவது வேண்டுமே. இரண்டு வாளியும் பாமசியில் வாங்கிய ஒரு சேலைன் டியூபும் போதும். நிறம் கலந்த தண்ணீர் வாளியைக் கதிரையில் வையுங்கள், மற்றதை நிலத்தில். டியூபை முழுதாகத் தண்ணீரில் அமிழ்த்தி, காற்றுக் குமிழ் எல்லாம் போனதும் ஒரு நுனியை விரலால் அடைத்துக் கீழ் வாளிக்கு இழுங்கள். விரலை எடுத்தால் தண்ணீர் தானாக விளிம்பேறி இறங்கும். (வாயால் உறிஞ்ச விடாதீர்கள். பிறகு பெற்றோலிலும் அதே பழக்கம் வரும்.)

“மோட்டர் எங்க, அப்பா?” என்று மகள் கதிரைக்கடியில் தேடினாள்.

கீழிறங்கும் பக்கத்துத் தண்ணீரின் பாரம் இழுக்கிறது, மேல் வாளியை அழுத்தும் காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது. அதனால்தான் கடல்மட்டத்தில், டியூபின் வளைவு மேல் வாளியின் நீர்மட்டத்திலிருந்து சுமார் 10 மீற்றருக்கு மேல் போனால் சாதாரணமாக இது வேலை செய்யாது.

சரி, பெரிய பகிடி இனித்தான். இரு நுனியும் தண்ணீருக்குள் இருக்க, கீழ் வாளியை மெதுவாக உயர்த்தச் சொல்லுங்கள். நீர்மட்டம் இரண்டும் சமமானதும் ஓட்டம் நிற்கும். இன்னும் உயர்த்தினால் தண்ணீர் திரும்பி ஓடும்!

மீன் தொட்டியில் தண்ணீர் மாற்றும் வேலை இனி மகளுக்குத்தான்.