கழுத்தில் தண்டுவட அழுத்தம்: அறுவைச் சிகிச்சைக்குப் பின் தேறியதும் தேறாததும்

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றில் கிராணியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சட்டைப் பொத்தான் போட விரல்கள் தடுமாறத் தொடங்கியபோது, அருகிலிருந்த கிளினிக்கில் மணிக்கட்டு நரம்புக் கோளாறு என்று மாத்திரை கொடுத்தார்கள். கழுத்தில் வலியே இல்லாததால் யாருடைய சந்தேகமும் அங்கே போகவில்லை. நடை தள்ளாடி, இருட்டில் சுவரைப் பிடித்தபடி நடக்க நேர்ந்த பிறகுதான் ஈப்போவில் எம்ஆர்ஐ எடுக்கப்பட்டது. கழுத்தெலும்புகளுக்கு இடையே தேய்ந்த வட்டுகளும் வளர்ந்த எலும்பு முனைகளும் தண்டுவடத்தை நெருக்கிக்கொண்டிருந்தன.

அறுவைக்கு முன் மருத்துவர் ஒளிவுமறைவின்றிப் பேசியதை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். நோய் மேலும் முற்றாமல் தடுப்பதே முதல் நோக்கம் என்றும், இழந்ததில் எவ்வளவு திரும்பும் என்பது அழுத்தம் நீடித்த காலத்தையும் அறுவைக்கு முந்தைய நிலையையும் பெரிதும் பொறுத்தது என்றும் அவர் விளக்கினார். கை, கால், உணர்ச்சி, சிறுநீர்க் கட்டுப்பாடு ஆகியவற்றை 18 புள்ளிகளில் அளக்கிறார்கள்: 15 முதல் 17 வரை இலேசு, 12 முதல் 14 வரை நடுத்தரம், அதற்குக் கீழே கடுமை. நான் நடுத்தரத்தில் இருந்தேன். முதுமை, புகைப்பழக்கம், இனிப்புநீர், மனச்சோர்வு ஆகியவையும் தேறுவதைக் குறைக்கக்கூடும் என்பதால், எனக்கிருந்த இனிப்புநீரை முதலில் கட்டுக்குள் கொண்டுவரச் சொன்னார்.

கழுத்தின் பின்புறம் திறந்து, எலும்பு வளையங்களை விரித்து, தண்டுவடத்துக்கு இடம் உண்டாக்கினார்கள். அதன்பின் பிசியோவில் ஓர் எளிய சோதனை: 10 விநாடிகளில் முஷ்டியை எத்தனை முறை முழுமையாக மூடித் திறக்க முடிகிறது என்று எண்ணுவது. இயல்பான கைக்கு 20 தடவை சாதாரணம். வீட்டில் என் மனைவி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணுவார்; மோதிர விரலும் சுண்டு விரலும் பின்தங்கி மெதுவாக விரிவதை நானே பார்ப்பேன். முதல் ஆறு மாதங்களில் முன்னேற்றம் கண்கூடாகத் தெரிந்தது, பிறகு வேகம் குறைந்தது.

அதே வார்டில் செம்பனைக் குலை அறுக்கும் தம்பி ஒருவர் இருந்தார். என்னைவிட மிகவும் இளையவர், இனிப்புநீரும் கிடையாது; ஆனால் சக்கர நாற்காலிக்கு வந்த பிறகே அவருக்கு அறுவை நடந்தது. இன்னமும் தாங்கியைப் பிடித்துத்தான் நடக்கிறார். வயதைவிடத் தாமதமே அவரை அதிகம் வாட்டியதாக நான் கருதுகிறேன்.

எனக்கு நடை சீராகிவிட்டது. விரல் நுனி மரமரப்பு மட்டும் போகவில்லை. அது நிலைத்துவிடக்கூடும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்ததால், அதை நோய் திரும்பியதாக எண்ணிப் பதறாமல் பயிற்சியைத் தொடர்கிறேன்.