புயலிலே ஒரு தோணி முடிந்தது, இப்போது ஆமந்துறையில்

முடித்தேவிட்டேன்! ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. முன்பெல்லாம் எடுத்தால் ஜப்பான் படை சுமத்ராத் தீவின் மெடான் நகருக்குள் நுழையும் ஆரம்பப் பக்கங்கள் விறுவிறுவென்று ஓடும், அதைத் தாண்டி நாயகன் பாண்டியனின் நினைவோட்டம் தொடங்கியதும் நின்றுவிடும். இந்தத் தடவை கடைசிப் பக்கம் வரை போயாயிற்று, அதுவும் முடியப் போகிறதே என்ற வருத்தத்தோடு. கதையைச் சொல்லப் போவதில்லை. படித்தவர்களுக்குத் தெரியும், படிக்காதவர்கள் பாண்டியனை நேராகவே சந்திக்கட்டும்.

இந்த நாவலில் சிரமமான இடம் போரும் இல்லை, கடலும் இல்லை, அந்த நினைவோட்டம்தான். ஆள் மெடானில் உட்கார்ந்திருப்பான், அடுத்த வரியில் சின்னமங்கலம் சந்தையில் நிற்பான், அங்கிருந்து மதுரைத் தெருக்கள், அப்புறம் சொல்லாமல் கொள்ளாமல் மறுபடியும் இந்தோனேசியா. போதாததற்கு மது மேசைப் பேச்சுகள் வேறு. பல இடங்களில் யார் பேசுகிறார்கள் என்றே சிங்காரம் சொல்வதில்லை, பேச்சு மட்டும் மேலே மேலே விழுந்துகொண்டே இருக்கும்.

நான் கண்ட வழி பென்சில். பேனா வேண்டாம், நம் புத்தகத் தாளில் மை பின்பக்கம் ஊறிவிடும். கொஞ்சம் மெத்தென்று எழுதும் 2பி பென்சிலை எடுத்துக்கொண்டு, இடம் மாறும் வரிக்கு நேராக ஓரத்தில் ஓர் எழுத்து: ‘மெ’ என்றால் மெடான், ‘சி’ சின்னமங்கலம், ‘ம’ மதுரை, ‘பி’ பினாங்கு. உரையாடல் வந்தால் பேசுகிறவரின் முதல் எழுத்து. ஒரு அத்தியாயத்தை இப்படிக் குறித்துக்கொண்டே மெதுவாகப் படித்துவிட்டு, உடனே அதே அத்தியாயத்தை வாய்விட்டுப் படிக்க வேண்டும். இந்த இரண்டாம் படிப்பைத் தவிர்க்கவே கூடாது. தொங்கான் என்னும் சரக்குத் தோணி புயலில் மாட்டும் இடத்தைக் கண்ணால் மட்டும் படித்தால் பாதிதான் கிடைக்கும். அங்கே வாக்கியங்கள் முறிந்து முறிந்து விழுகின்றன, வினைச்சொல் வருமென்று காத்திருந்தால் அதற்குள் அடுத்த அலை வந்துவிடுகிறது. சத்தமாகப் படிக்கும்போது எனக்கு மூச்சு வாங்கியது. தமிழில் கடலை இப்படி எழுதிய பக்கங்கள் வேறு எங்கே இருக்கின்றன என்று கேட்கத் தோன்றுகிறது.

பக்கத்தில் ஒரு வரைபடமும் இருந்தால் நல்லது. மெடான், அதன் துறைமுகம் பெலவான், நடுவே மலாக்கா நீரிணை, எதிர்க்கரையில் பினாங்கு. இந்தப் பக்கம் டச்சுக்காரன் ஆட்சி, அந்தப் பக்கம் பிரிட்டிஷ்காரன் ஆட்சி. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது, அடுத்த மாதமே ஜப்பான் படை மெடான் இருக்கும் வடக்கு சுமத்ராவில் இறங்கியது. இது மனதில் இருந்தால் அங்கே தொழில் செய்த தமிழ் வட்டிக்கடைக்காரர்களின் பதற்றம் சட்டென்று பிடிபடும். சிங்காரம் 1938இல் பதினெட்டு வயதுவாக்கில் மெடானுக்குப் பிழைக்கப் போனவர், போர் முடிந்த பிறகு ஊர் திரும்பி மதுரையில் ‘தினத்தந்தி’யில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். அதனால்தான் தெருப்பெயர்கள் எல்லாம் அவருக்கு அவ்வளவு இயல்பாக வருகின்றன. 1959இல் ‘கடலுக்கு அப்பால்’, 1972இல் இது, அவ்வளவுதான், வேறு நாவலே இல்லை. இப்படி எழுதத் தெரிந்த ஒருவரை நாம் இரண்டோடு நிறுத்தவிட்டோமே என்று கோபமே வருகிறது.

வரிசை பற்றி ஒன்று: ‘கடலுக்கு அப்பால்’ முதலில் வந்ததுதான், ஆனாலும் நான் பின்னால் படித்தேன். எனக்கு அதுவே சரியாகப் பட்டது. பாண்டியனின் அலைச்சலைப் பார்த்துவிட்டு வந்தால் அதில் வரும் செல்லையா, மரகதம் கதை இன்னும் கனக்கிறது.

புத்தகம் வாங்கிய இடத்தைப் பற்றி ஒரு புலம்பல். இணையத்தில் ஒரு கடையில் வாங்கிய முதல் பிரதியில் ஒரு ஃபாரம், அதாவது பதினாறு பக்கத் தொகுப்பு, இரண்டு முறை வந்து, அடுத்த பதினாறு பக்கத்தைக் காணவில்லை. மாற்றித் தர இழுத்தடித்தார்கள். கடையில் நின்று வாங்குகிறவர்கள் பக்க எண்களை ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டே காசு கொடுங்கள், குறிப்பாகத் தடித்த நாவல் என்றால்.

இப்போது கையில் இருப்பது ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’. 2004இல் வந்தது. ஆமந்துறை என்ற கடற்கரை ஊரின் பரதவ மீனவர்களின் வாழ்க்கை, 1933 முதல் 1985 வரை. பாதி தாண்டவில்லை. இங்கேயும் அதே பென்சில், ஆனால் ஓரத்தில் ஊருக்குப் பதில் வருஷம், கூடவே யாருக்கு யார் என்ன உறவு என்று பின்னட்டை உட்புறத்தில் ஒரு கொடிவழி. கோத்ரா, சூசை, சிலுவை மூவரும் கடலில் கிடந்து தத்தளிக்கும் பகுதி வரும்போதெல்லாம் வேகமாகப் புரட்டத் தோன்றுகிறது, கையைக் கட்டிப்போட வேண்டியிருக்கிறது. பேச்சுமொழி முதல் கொஞ்சப் பக்கங்களுக்குத்தான் தடை, அப்புறம் காது பழகிவிடும். கச்சான், கொண்டல், வாடை என்று காற்றின் பெயர்களைத் திசையோடு ஒரு சீட்டில் எழுதி நடுவில் செருகிவிட்டேன், அது மட்டும் அடிக்கடி தேவைப்படுகிறது.

இதை முடிக்கும் முன்னாலேயே அடுத்ததையும் எடுத்து வைத்தாயிற்று. ஜோ டி குருஸின் ‘கொற்கை’தான் பெரிய வேலை, 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது, ஆயிரம் பக்கத்துக்கு மேல். ஒரு தடியிலிருந்து நேராக இன்னொரு தடிக்குப் போக முடியாது, அதனால் நடுவில் வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’, பிறகு தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’. ‘கொற்கை’க்கு மட்டும் கெட்டி அட்டைப் பிரதியாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். எங்காவது கண்ணில் பட்டால் சொல்லுங்கள், பழையதானாலும் பரவாயில்லை, ஓரத்தில் பென்சில் ஓட இடம் இருந்தால் போதும்.